பதினாலு மீதி வராது

இருபத்துமூன்று கோடியே இருபத்தேழு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபது.

ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள், பார்ப்போம். எனக்கும் உங்களுக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான் இருக்கும். முட்டி வலியும் சர்க்கரை மாத்திரையும் உங்களுக்கும் உண்டு. இப்போது கோடியைத் தாண்டும்போதே எனக்கு மூச்சு வாங்குகிறது. பதினோரு வயதில் கடற்கரை மணலில் ஓடிக்கொண்டே இதைத் தப்பில்லாமல் சொல்வேன். கேட்கத்தான் ஆள் கிடையாது.

இந்த எண்ணுக்கு ஒரு குணம் உண்டு. ஒன்றிலிருந்து இருபதுவரை எதால் வகுத்தாலும் மீதி வராது. மூன்று பேருக்குப் பங்கு வைத்தாலும் சரி, பதினேழு பேருக்கு வைத்தாலும் சரி, சுத்தமாகப் பிரிந்துவிடும். இந்தக் குணம் உள்ள எண்களிலேயே ஆகச் சின்னது இதுதான். இதற்குக் கீழே எதை எடுத்தாலும் இருபதுக்குள் ஏதாவது ஒரு எண் தகராறு பண்ணும்.

எந்தப் புத்தகத்திலும் பார்த்துச் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்தேன். அதுவும் அறிவு முற்றிப்போய் அல்ல. வீட்டுக்கு மீன் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் கண்டுபிடித்தேன். சிரிக்காதீர்கள். முழுக்கக் கேளுங்கள்.

தூத்துக்குடியில் பெரிய துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. நாளெல்லாம் லாரி போகும். எங்கள் தெரு கடலுக்கும் மாதா கோயிலுக்கும் நடுவில் இருந்தது. ஒரு அறை, பின்னால் குசினி, அவ்வளவுதான் வீடு. அப்பா பாய் வள்ளத்தில் மீனுக்குப் போகிறவர். முந்தின வருஷம் பாய் மாற்றும்போது கட்டை தட்டித் தண்ணீரில் விழுந்தார். வள்ளம் அவர் இல்லாமல் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் வேம்பார்ப் பக்கம் கரை ஒதுங்கினார் என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்குக் காட்டவில்லை.

அம்மா இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். காலை ஏழு மணிக்குப் போனால் நாலு மணி சுமாருக்கு வருவாள். ஐஸுக்குள் கையை விட்டு விட்டு விரல் நுனியெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்திருக்கும். வந்ததும் எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக் கை கழுவுவாள். என்ன தேய்த்தாலும் அந்த வாடை போகாது. எனக்கு அந்த வாடை பிடிக்கும், ஏனென்றால் அது வந்தால்தான் வீட்டில் இன்னொரு ஆள் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

நான் சொல்லுவது முழுப் பரீட்சை லீவு நாட்களை. கூடப் பிறந்தவர்கள் எனக்கு யாரும் கிடையாது. அப்பா இருந்தவரை தெருப் பிள்ளைகள் வாசலில் வந்து கூப்பிடும். அப்பா போனபிறகு, என்னவோ, கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. சாவு விழுந்த வீட்டுப் பிள்ளையிடம் என்ன பேசுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. எனக்கும் தெரியவில்லை. காலை ஏழிலிருந்து நாலுவரை பேச ஆளில்லாமல் ஒரு பிள்ளை என்ன செய்யும்? நான் எண்ணினேன். லாரியை எண்ணினேன், கூரை ஓடுகளை எண்ணினேன், கோயில் மணியை எண்ணினேன். வாய்விட்டு எண்ணினால் வீட்டில் ஒரு குரல் கேட்கும், அதற்காகவும்தான்.

எங்கள் கரையில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. வள்ளம் வந்ததும் நல்ல மீன் எல்லாம் ஏலத்துக்குப் போய்விடும். சாளை, காரல் மாதிரிச் சின்ன மீனை வீட்டுக் கறிக்கு என்று ஒதுக்கி, எண்ணிப் பங்கு வைப்பார்கள். அன்றைக்குக் கடலுக்குப் போனவர்களுக்கு ஆளுக்கு ஒன்று, வள்ளத்தின் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று. சமமாக வைத்தபிறகு மிஞ்சுவதை அந்த வள்ளத்தில் போய் இறந்தவன் வீட்டுக்குக் கொடுப்பார்கள். அந்த வருஷம் அது எங்கள் வீடு.

அம்மா மானஸ்தி. ஏரலில் இருந்து அவள் அண்ணன் அரிசி கொண்டுவந்தபோதுகூட வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினாள். ஆனால் மீதி மீனை மட்டும் வாங்கச் சொல்வாள். "இது யாரும் இரக்கப்பட்டுக் குடுக்கது இல்லளா. பங்குல நிக்காதது நமக்கு. ஒங்கப்பா அந்த வள்ளத்துல உழைச்சதுக்கு உள்ளது" என்பாள். யாருடைய கையிலிருந்தும் வராமல் கணக்கிலிருந்து வருகிற மீன் என்பதால்தான் அது அவள் தொண்டையில் இறங்கியது. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, தினமும் மத்தியானம் ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் கரைக்குப் போவேன். மற்ற பிள்ளைகள் அவரவர் அப்பா பக்கத்தில் நிற்கும். நான் கொஞ்சம் தள்ளி நிற்பேன். சம்மாட்டியின் மகள் கான்வென்ட்டில் படிப்பவள், என் வயதுதான். அவள் எனக்கு ஒரு பேர் வைத்தாள், "ஏளா மீதி" என்று. அது அப்படியே ஒட்டிக்கொண்டது. "மீதி வந்துட்டாடே, மீதி வந்துட்டா" என்று மற்றதுகளும் கத்தும். அழுதால் இன்னும் கத்தும் என்று நான் மீன் குவியலையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பார்த்துப் பார்த்துக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. பங்கு வைக்கிற மாமா ஒரு வரிசையாகக் குவியல் போட்டுக்கொண்டு போவார். அப்பாவோடு ஒரே வள்ளத்தில் போன கூட்டாளி அவர். குட்டையான ஆள், அதிகம் பேச மாட்டார், இடது கையில் இரண்டு விரல் மடங்காது. ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு மீன், அடுத்த சுற்றுக்கு ஒன்று, அப்படியே சுற்றிச் சுற்றி வரும். தன் பங்கை வரிசையின் கடைசியில், தன் முட்டிக்குப் பக்கத்தில், ஒரு ஈரச் சாக்குக்கு அடியில் போட்டுக்கொள்வார். இன்னொரு சுற்றுக்குக் காணாது என்கிறபோது கையை உதறிவிட்டு "மீதி ஏழு", "மீதி நாலு" என்று சொல்லி என் பெட்டியில் போடுவார்.

மொத்தம் எத்தனை மீன் என்று தெரிந்தால் மீதியை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மூன்றுக்கு மட்டும் அப்பா ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் வாலிபத்தில் முத்துக்குளிப்புக்குப் போனவர். குளித்தெடுத்த சிப்பியை மூன்று குவியலாக வைத்து, இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. எண்ணிக்கையில் உள்ள இலக்கங்களைக் கூட்டினால் மூன்றில் போகுமா போகாதா என்று தெரிந்துவிடும் என்பார். மற்றதை நானே வகுத்துப் பார்த்துப் படித்தேன். அப்பாவின் பென்சில் ஒன்று இருந்தது. நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாக எழுதும், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதை வைத்துக் காலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதுவேன். சாயங்காலம் அம்மா வந்து என் நாக்கைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் கணக்கா?" என்பாள். அந்தப் பென்சில் எப்போது தொலைந்தது என்று தெரியவில்லை.

அப்போதுதான் அந்தப் பயம் வந்தது. ஒருநாள் பத்துப் பங்கு, நூற்றிருபது மீன். சுத்தமாகப் பிரிந்துவிட்டது. மாமா கையை விரித்தார். நான் காலிப் பெட்டியோடு வீட்டுக்குப் போனேன். அன்றைக்குக் கஞ்சிக்குத் துவையல்தான். படுத்துக்கொண்டு யோசித்தேன். பத்தில் போகிற நூற்றிருபது பன்னிரண்டிலும் போகும், பதினைந்திலும் போகும். எந்த வள்ளத்திலும் இருபது பங்குக்கு மேல் வந்ததில்லை. அப்படியானால் எத்தனை பேர் கடலுக்குப் போனாலும் எங்களுக்கு ஒன்றுமே மிஞ்சாத ஒரு எண்ணிக்கை இருக்குமோ? இருந்தால் அது எது? அதைத் தெரிந்துகொண்டால் அது வராமல் இருக்க மாதாவிடம் பேர் சொல்லி வேண்டிக்கொள்ளலாம் அல்லவா. பிள்ளைப் புத்தி, என்ன செய்ய.

கிட்டத்தட்ட மூன்று வாரம் ஆனது. முதலில் மடத்தனமாக எல்லாவற்றையும் பெருக்கிக்கொண்டே போனேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று இருபதுவரை. தாள் போதவில்லை. பிறகுதான் வேண்டாததையும் சேர்த்துப் பெருக்குகிறேன் என்று தெரிந்தது. ஆறு கையில் இருந்தால் நாலுக்காக இன்னொரு நாலு வேண்டாம், ஒரு இரண்டு போதும், பன்னிரண்டு. ஐந்தைச் சேர்த்தால் அறுபது. ஆறுக்கு ஒன்றும் வேண்டாம், அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஏழுக்கு நானூற்றிருபது. எட்டுக்கு ஒரு இரண்டு, ஒன்பதுக்கு ஒரு மூன்று, இரண்டாயிரத்து ஐந்நூற்றிருபது. பத்து சும்மா வந்துவிடும். பதினொன்று, பிறகு பதின்மூன்று. அங்கே மூன்று லட்சத்து அறுபதாயிரத்து முந்நூற்று அறுபது வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்நூற்று அறுபதைப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தடவை எழுதின மாதிரி இருந்தது. பதினாறுக்கு அதை இரட்டித்தால் எழுநூற்றிருபதை இரண்டு தடவை. அப்புறம் பதினேழு, கடைசியாகப் பத்தொன்பது. இருபது தானாக வந்துவிட்டது.

இருபத்துமூன்று கோடியே இருபத்தேழு லட்சம். அறைக்குள் தனியாக நின்று அதைச் சத்தமாக வாசித்தேன். அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்ல? அம்மா வந்ததும் சொன்னேன். "நல்லதுளா" என்று சொல்லிவிட்டு அடுப்பை மூட்டப் போய்விட்டாள். பாவம், எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவள்.

மறுநாள் தாளை மடித்துக் கரைக்குக் கொண்டுபோய், ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பங்கு மாமாவிடம் நீட்டினேன்.

"இது என்னளா, கப்பல் நம்பரா?" என்றார்.

நான் சொன்னேன். அவர் வலையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். அந்த லீவில் நான் பேசினதைக் கடைசிவரை கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"அப்பம், இம்புட்டு மீனு பட்டா ஒங்க வீட்டுக்கு மீதி கெடயாதாக்கும்?"

"கெடயாது மாமா. இருவது பங்கு வரைக்கும் எத்தன வச்சாலும் கெடயாது."

அவர் கடலைப் பார்த்தார். "இம்புட்டு மீனு இந்தக் கடல்ல கெடயாதுளா. ஒருவேள பட்டுட்டுன்னு வையி, மேக்கொண்டு ஒரு மீனப் புடிச்சிட்டுத்தான் கரைக்கு வருவோம். அதோட தீந்துச்சுல்லா?"

தீர்ந்துதான் போனது! கடைசியில் உள்ள அறுபதை அறுபத்தொன்றாக மாற்றி வீட்டில் வந்து வகுத்தேன். இரண்டால், ஒன்று மீதி. மூன்றால், ஒன்று மீதி. இருபதுவரை எதால் வகுத்தாலும் தவறாமல் ஒன்று. விடாமல் இருபத்துமூன்றால் வகுத்தேன், பதினாறு மீதி. இருபத்தொன்பதால் இருபது மீதி. எதிலும் அடங்கவில்லை. எழுபதைத் தாண்டியதும் கை ஓய்ந்து விட்டுவிட்டேன். போன வருஷம் என் மருமகள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, "அத்தை, இது பகா எண். இதை ஒன்றாலும் இதே எண்ணாலும் தவிர வேறு எதாலும் வகுக்க முடியாது" என்றாள். அவள் அதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டிரங்க் கால் போட்டுக் கொடுக்கும் வேலையில் முப்பது வருஷம் எத்தனையோ ஆயிரம் எண்களைச் சொல்லியிருக்கிறேன், எதுவும் நெஞ்சில் நிற்கவில்லை, இது நின்றது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். இதுவரை சுற்றி வளைத்ததெல்லாம் அங்கே போகப் பயந்துதான்.

மே மாசக் கடைசி. மறுநாள் அப்பாவுக்கு ஆண்டு, இறந்து ஒரு வருஷம். காலைத் திருப்பலி முடிந்து நாலு பேர் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். அம்மா கடனுக்கு அரிசி வாங்கி வைத்திருந்தாள், கறிக்கு வழி தெரியவில்லை. "மாதாவே, இன்னைக்கு மீதி கூட வரட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் காலையில் வேலைக்குப் போனாள்.

அன்றைக்குச் சாளை. பன்னிரண்டு பங்கு. கச்சான் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. ஆண்கள் பாதிப் பேர் ஏலத்தைப் பார்த்து நின்றார்கள். சம்மாட்டியின் மகளும் அவள் கூட்டமும் எனக்குப் பின்னால் நின்று "மீதி, மீதி" என்று பாடிக்கொண்டிருந்தன. எனக்குக் காது சுட்டது. மாமா சுற்றுப் போட்டு முடித்தார். கையை உதறினார்.

"மீதி பதினாலு."

நான் பெட்டியை நீட்டியிருக்க வேண்டும். நீட்டவில்லை. பின்னால் நின்ற பிள்ளைகளுக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

"மாமா, பதினாலு மீதி வராது!"

"வாங்கிட்டுப் போளா" என்றார் மெதுவாக.

"வரவே வராது மாமா. பன்னெண்டு பங்குல்லா? பதினாலு மிஞ்சுனா இன்னொரு சுத்துப் போடலாமே. பன்னெண்டு பங்குக்கு மீதி பதினொண்ணுக்கு மேல வராது."

என்னவோ, அந்தப் பெரிய எண்ணுக்குச் சொன்ன மாதிரி அவர் வேடிக்கையாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளிறிப் போனது. சம்மாட்டி திரும்பிப் பார்த்தார்.

"புள்ள சொல்லுதது சரிதானடே. எங்கனயோ ஒதைக்கி. எல்லாத்தையும் எண்ணுங்கலே" என்றார்.

எண்ணினார்கள். ஒவ்வொரு குவியலிலும் இருபது. யாருடைய பங்கிலும் குறையவில்லை. கடைசியில் ஒருவன் மாமாவின் ஈரச் சாக்கைத் தூக்கினான். அதன் அடியில் பதினொன்றுதான் இருந்தது.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கக் கூடாதா? மனக்கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. "மொத்தம் இருநூத்தி நாப்பத்தஞ்சு. பன்னெண்டால வகுத்தா இருவது, மீதி அஞ்சு. அப்பம் பாக்கி ஒம்பதும் மாமா பங்குல உள்ளது" என்று விடையையும் சொல்லி முடித்தேன். பின்னால் பாட்டு நின்றுபோயிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு ஆள் துப்பிவிட்டு, "ஓ... கத அப்படிப் போகுதா? எத்தன நாளா நடக்கு?" என்றார். இன்னொருத்தர் சிரித்தார். சம்மாட்டி சிரிக்கவில்லை. "என்னடே இது?" என்று மட்டும் கேட்டார்.

"எண்ணிக்க தப்பிட்டு அண்ணாச்சி" என்றார் மாமா. பதினாலையும் அவரே என் பெட்டியில் அள்ளிப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

புருஷன் இல்லாத வீட்டுக்கு ஒருத்தர் தன் பங்கிலிருந்து யாருக்கும் தெரியாமல் மீன் எடுத்துக் கொடுக்கிறார். கரையில் இதை எப்படிப் பேசுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு அன்றைக்கு அது தெரியாது. வழியெல்லாம் பெருமையாக நடந்தேன். நடக்க நடக்கத்தான் வேறொன்று உறைத்தது. அந்த லீவு முழுக்க மீதி ஏழு, எட்டு, பத்து என்று வந்துகொண்டே இருந்தது. காலி நாள் எண்ணி இரண்டே இரண்டு. மாதா இரங்குகிறாள் என்று நினைத்திருந்தேன்.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் மீன் விற்கிற பொம்பிளை ஒருத்தி செய்தியைக் கொண்டு சேர்த்துவிட்டாள். அம்மா அன்றைக்குச் சீக்கிரம் வந்திருந்தாள். கை கழுவாமல் நடு வீட்டில் நின்றாள்.

"எத்தன?"

"பதினாலு."

"நமக்கு உள்ளது எத்தன?"

"அஞ்சு."

அடித்தாள். அதற்கு முன்னால் என்னை அடித்ததில்லை, பிறகும் அடித்ததில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, "இத்தன நாளும் நான் எவன் கை மீனத் தின்னுருக்கேன்" என்று அழுதாள். பிறகு எழுந்து, ஒன்பது சாளையை எண்ணிப் பெட்டியில் போட்டாள்.

"கொண்டு போயி அவுக வீட்டுல குடுத்துட்டு வா. வாயத் தொறக்கப்படாது. அவ என்ன ஏசுனாலும் கேட்டுட்டு வந்துரு."

அடுத்த தெருதான், நடுவில் ஒரு குறுக்குச் சந்து. வெயில் இன்னும் இறங்கவில்லை. மாமா வீட்டில் இல்லை. மாமிதான் கதவைத் திறந்தாள். ஒல்லியான உடம்பு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்ன மாதா சுரூபம். மாமி கத்துவாள், தலைமயிரைப் பிடிப்பாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியை நீட்டினேன்.

"ஒம்பதா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"எண்ணித் திருப்பி அனுப்பிருக்காளா." பெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரல் தடம் தெரிந்திருக்கும். "ஏளா, இங்கன பாரு. இத நாந்தான் செய்யச் சொன்னேன். நேராக் குடுத்தா ஒங்கம்மா வாங்குவாளா? அதான், நம்ம குவியல்ல கொறைச்சிட்டு அந்த மீதில போடுங்கன்னு நாந்தான் அவுககிட்டச் சொன்னேன். எங்க வீட்டுல ரெண்டு பேருக்கு எத்தன மீனு வேணும்? நாளைக்கு ஒங்கப்பா ஆண்டுல்லா, இன்னைக்குக் கொஞ்சம் கூடப் போடுங்கன்னு காலையில நாந்தான் சொல்லி விட்டேன். ஒங்கம்மாகிட்டப் போயி மாமி சொன்னான்னு சொல்லு. ஊரு என்னவும் பேசட்டும், எனக்குத் தெரியும்னு சொல்லு. சொல்லுவியா?"

"சொல்லுதேன் மாமி."

அந்தச் சந்து வழியாகத் திரும்பி வந்தது எனக்கு இன்றைக்கும் அடி அடியாக ஞாபகம் இருக்கிறது. ஓடி வந்தேன். சொல்லத்தான் ஓடி வந்தேன். வாசலுக்கு வந்தபிறகு கால் நின்றுவிட்டது. மாமா ஏதோ திருட்டுத்தனம் செய்தார், நான் கண்டுபிடித்தேன் என்று இருக்கிறவரை எனக்கு ஒரு பிடி இருந்தது. மாமி சொன்னதைச் சொன்னால் அவர்கள் இரண்டு பேர் பேரிலும் ஒரு தப்பும் கிடையாது. அப்புறம் மீதி நான் ஒருத்திதான். கன்னம் வேறு எரிந்துகொண்டிருந்தது.

அம்மா அந்த ஐந்து சாளையை அறுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"என்னளா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன்.

மறுநாள் திருப்பலிக்கு மாமி வந்தாள். அப்பாவுக்காக மெழுகுவத்தி கொண்டுவந்து ஏற்றினாள். பிறகு எங்களுக்குப் பக்கத்தில் வந்து முட்டிபோட்டு, அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா எழுந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூன்று வரிசை முன்னால் போய்விட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். மாமி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிஷம்கூடப் பிந்திப் போகவில்லை, சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு அம்மா என்னைக் கரைக்கு அனுப்பவில்லை. பங்கு வைக்கிற வேலை வேறொருவர் கைக்குப் போனது. இரண்டு பெண்களும் சாகும்வரை அடுத்தடுத்த தெருவில்தான் இருந்தார்கள் என்று சொல்ல வந்தேன், தப்பு. அம்மாதான் போய்ச் சேர்ந்தாள். மாமி இருக்கிறாள். இத்தனை வருஷமும் அம்மா அவளைக் கண்டால் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்து நடப்பாள். மாமியின் புருஷன் மீனைத் தின்றுவிட்டோம் என்ற வெட்கம் அம்மாவுக்கு. மாமிக்கு அது எப்படித் தெரியும்?

அம்மாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் மாமி என்னிடம் வந்தாள். மாமா அதற்குச் சில வருஷம் முன்பே போய்விட்டார். பேத்தி முறையான ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என் கையைத் தடவித் தேடிப் பிடித்தாள், பார்வை அவ்வளவாக இல்லை.

"ஏளா, அன்னைக்கு நான் சொல்லிவிட்டதக் கேட்டும் ஒங்கம்மா மனசு எறங்கலியே. கடைசிவரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்த பேசலியே. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். எனக்கு அறுபது வயது ஆகியிருந்தது. குழியில் மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மாவுக்குக் கூச்சம் மாமி, வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

மாமி தலையாட்டினாள். பிறகு குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, பேத்தி கைகாட்டின பக்கம் போட்டாள்.